அரவிந்த் கண் மருத்துவமனை, மதுரை: ஒரு பட்டறை உரிமையாளரின் மதிப்புரை

திருமங்கலத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கும் என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. வலது கண்ணில் புரை முற்றிவிட்டதால், கடந்த தை மாதக் கடைசியில் மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் அவருக்கு அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். பூக் கட்டுவதில் கை பழகியவர் என்பதால் மொட்டைத் தொட்டுப் பார்த்தே சரம் தொடுத்துவிடுவார்; பார்வை அந்த அளவுக்குக் குறைந்திருப்பது வீட்டில் எவருக்கும் தெரியாமலே போனதற்கு அதுவே காரணம். உசிலம்பட்டிப் பேருந்து என்று நினைத்து வேறொன்றில் ஏறிப் பாதி வழியில் இறங்கி நின்ற அன்றுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது, அம்மா இப்போது பேருந்தின் பலகையைத் தூரத்திலிருந்தே படிக்கிறார் என்று இரண்டு வரிகளில் இந்த மதிப்புரையை எழுதிவிட முடியும். ஆனால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் கடைசல் பட்டறை ஒன்றை நடத்துபவன் நான். கடன் வாங்கி நல்ல இயந்திரம் போட்ட பிறகும் பட்டறையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லையே என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கான விடையின் பெரும்பகுதி இந்த மருத்துவமனையின் பரிசோதனை அறைகளில் எனக்குக் கிடைத்தது. ஆகவே சிகிச்சையைப் பற்றி எழுதுவதோடு, அதைச் செய்தவர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டவர்கள், அந்தப் பயிற்சி இந்த நிறுவனத்தைப் புதியவற்றைச் செய்யவல்லதாக எப்படி ஆக்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் பதிவு முடிந்ததிலிருந்து மருத்துவரைப் பார்த்தது வரை அம்மாவின் கண்ணைத் தொட்டவர்கள் ஐந்தாறு பேர். அனைவரும் இளம் பெண்கள். எல்லோரும் அவர்களைச் சிஸ்டர் என்றே அழைக்கிறார்கள். ஒருவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், ஒருவர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார், இன்னொருவர் கண்ணீர்ப் பாதை அடைப்பின்றி இருக்கிறதா என்று பார்த்தார். இவற்றுள் என்னை முதலில் நிற்க வைத்தது, இடது கண்ணுக்குக் கண்ணாடி அளவு பார்த்த சிஸ்டரின் கைவேலை. ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கைக்கருவியால் ஓர் ஒளிக்கீற்றைக் கண்மணியின் மீது குறுக்கே ஓட்டுகிறார்கள். உள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த ஒளி, கீற்று போகும் திசையிலேயே போகிறதா, எதிர்த் திசையில் போகிறதா என்று பார்த்து, அதற்கேற்பக் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, அசைவே தெரியாமல் கண்மணி முழுதும் ஒரே சமயத்தில் ஒளிரும் நிலையைப் பிடிக்கிறார்கள். எந்த எண்ணையும் அந்தக் கருவி காட்டுவதில்லை. பார்க்கிற கண்ணும் பழகிய கையும்தான் அளவு. மைக்ரோமீட்டரின் திருகை எந்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லித் தர முடியாமல், புது ஆளின் விரலைப் பிடித்துத் திருகிக் காட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால், அந்தப் பெண் எத்தனை நூறு கண்களில் பழகியிருந்தால் இந்த வேகம் வந்திருக்கும் என்று என்னால் கணிக்க முடிந்தது.

அடுத்து நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் திறனை முடிவு செய்யக் கருவிழியின் வளைவையும் கண்ணின் முன்பின் நீளத்தையும் அளக்கிறார்கள். இதைப் பயோமெட்ரி என்கிறார்கள். வளர்ந்தவர்களின் கண் சராசரியாக 23.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸின் திறனில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (கண்ணாடியின் ‘பவரை’ச் சொல்லும் அலகு) வரை பிழை வரும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே கால் டயாப்டர் போய்விடும். ஒளியைக் கொண்டு, கண்ணைத் தொடாமலே இந்த நீளத்தை அளக்கும் நவீன இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் புரை மிகவும் முற்றிய கண்ணில் ஒளி ஊடுருவாது. அம்மாவின் வலது கண் அப்படிப்பட்டது. இயந்திரம் அளவு காட்டவில்லை.

சிஸ்டர் தயங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பழைய முறையான அல்ட்ராசவுண்டு கருவியை எடுத்தார். அதன் முனையைக் கருவிழியில் வைத்து அளக்கும்போது கொஞ்சம் அழுத்திவிட்டாலும் கண் அமுங்கி, நீளம் குறைவாகக் காட்டும், லென்ஸ் தவறிப்போகும். “அசையாம நேரா பாருங்க பாட்டி, இன்னும் ஒரு தடவைதான்” என்று சொல்லிக்கொண்டே பல முறை அளந்தார். ஒத்துவராத அளவுகளை நீக்கினார். மற்றவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே தாளில் எழுதினார். புதிய இயந்திரத்தின் பொத்தானை அழுத்த மட்டும் அவருக்குக் கற்றுத் தந்திருந்தால், அன்று அம்மாவின் கண் அந்த மேசையோடு நின்றிருக்கும். இயந்திரம் எதை அளக்கிறது, எங்கே தோற்கும், தோற்றால் எதை எடுக்க வேண்டும் என்பது வரை தெரிந்தவரின் கையில் இருந்ததால்தான் புதிய கருவியும் பழைய கருவியும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகளாகிவிட்டன. அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: “அந்தப் புள்ளைக்குக் கை பஞ்சு மாதிரி இருக்குப்பா.”

இந்தப் பெண்கள் யார் என்பது மதுரைக்காரர்கள் பலருக்குத் தெரிந்ததே. பெரும்பாலும் தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்கள். மருத்துவமனையே இரண்டு ஆண்டுகள் அவர்களைப் பயிற்றுவிக்கிறது. உடற்கூறு, கண்ணின் அமைப்பு, நோயாளியிடம் பேசும் முறை போன்ற பொதுப் பாடங்கள் முதலில்; பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்கு, வார்டு, ஆலோசனை, கண்ணாடிப் பிரிவு, பதிவேடு எனப் பிரிந்து, மூத்தவர்களின் பக்கத்தில் நின்று கற்கிறார்கள். இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர்கள் என்பது அவர்களுக்கான பெயர். நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பான்மையினர் அவர்களே. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுத் தருகிறவர்களிலும், அறுவை அரங்கின் பொறுப்பைப் பார்க்கிறவர்களிலும் அதே வழியில் வந்த மூத்த சகோதரிகள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு மருத்துவமனையின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின், 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களோடு கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தவர். கைத்திறன் பிறவியிலேயே வாய்ப்பது என்று எண்ண அவருக்குக் காரணம் இருந்திருக்காது. பயிற்சியால் வருவது என்பதற்கு அவர் கைகளே சான்று. கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் சரியாகக் கற்றுக் கொடுத்தால் உலகத் தரத்தில் வேலை செய்வாள் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, பயிற்சி பெற்ற மற்றவர் செய்யக்கூடியது எது என்று பிரித்ததில்தான் இந்த மருத்துவமனையின் புகழ்பெற்ற வேகம் இருக்கிறது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து, கருவிகளை வரிசையாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். முதலாவது முடிந்ததும் மைக்ராஸ்கோப் திரும்புகிறது, மருத்துவரும் திரும்புகிறார். இங்குள்ள ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைகளுக்கு மேல் செய்வது இப்படித்தான். நம் நாட்டின் சராசரியைப் போல அது பல மடங்கு. இந்த முறையைப் பார்க்க வெளிநாட்டு மேலாண்மைப் பேராசிரியர்கள் வந்து போகிறார்கள். இரண்டு மேசைகளைப் படம் பிடித்தும் போகிறார்கள். இரண்டு மேசைகளை எவரும் வாங்கிப் போடலாம். அவற்றுக்கு நடுவே நின்று, மருத்துவர் வாய் திறக்கும் முன்பே சரியான கருவியைச் சரியான கோணத்தில் நீட்டும் சகோதரியைச் சந்தையில் வாங்க முடியாது என்பதால், முறையைப் பார்த்துச் சென்றவர்கள் எல்லோராலும் அதைத் தம் ஊரில் நடத்திக் காட்ட முடிவதில்லை.

கடைசல்காரனாகிய எனக்கு மருத்துவமனையை விட நெருக்கமானது, லென்ஸ் தயாரிக்கும் அதன் சகோதர நிறுவனமான ஆரோலேப். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் கதையே ஒரு பட்டறைக் கதை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் கூரை உடைந்து, அதன் சில்லுகள் விமானிகளின் கண்களில் புகுந்தபோது, கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை இங்கிலாந்தின் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து 1949-இல் லண்டனில் முதல் முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அந்த லென்ஸ் நம் ஏழை நோயாளிக்கு எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. எண்பதுகளின் இறுதியில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்ததால், இலவசப் பிரிவில் அறுவை செய்துகொண்டவர்கள் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்ப வேண்டியிருந்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு, லென்ஸ் மதுரையிலேயே தயாரானதும் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பின்னர் அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து லென்ஸ் போகிறது.

தொழில்நுட்பம் வெளியிலிருந்து வாங்கப்பட்டது. லென்ஸைக் கடையும் லேத்தும் வெளியிலிருந்து வரக்கூடியதே. ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லையைக் கடைந்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் கீறல் பார்த்து, கிருமி நீக்கி உறையிலிடும் கைகள் மட்டும் இங்கேயே உருவாக்கப்பட்டவை. மருத்துவமனையில் செய்த அதே காரியத்தை இங்கும் செய்தார்கள்: கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். பொறியியலில் உயர்படிப்புப் படித்தவர்கள் வழிகாட்ட, பிளஸ் டூ படித்த பெண்கள் உற்பத்தியை நடத்தினார்கள். லென்ஸோடு நிற்காமல் தையல் நூல், மருந்து, அறுவைக் கத்தி என்று அடுத்தடுத்துப் போக முடிந்ததற்குக் காரணம், முதல் பொருளைக் கற்றபோது தூசி புகாத சுத்த அறையில் வேலை செய்யும் ஒழுக்கம், அளவு, பதிவு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்றிருந்ததுதான்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு. வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நிறுவனம் வெளியே இருக்கும் புதிய அறிவின் மதிப்பை உணர்ந்து, அதை உட்கொண்டு, தன் வேலையில் பயன்படுத்தும் வல்லமையைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். உள்வாங்கும் திறன் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்தத் திறன், நிறுவனத்தில் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே அமையும் என்பது அவர்கள் வாதம். அதற்கும் முன்பே, 1966-இல், ரிச்சர்ட் நெல்சனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் கல்வியின் பயன் புதிய முறைகளை விரைவில் கைக்கொள்வதில் தெரியும் என்று எழுதினார்கள். படித்த விவசாயி புதிய விதையை முன்னதாக எடுத்துக்கொள்வார் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. இதெல்லாம் எனக்கு முன்பே ஏட்டில் தெரியும். என் பட்டறையில் அதன் பொருள் என்ன என்பது தெரியாமல் இருந்தேன்.

2019-இல் வங்கிக் கடனில் கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் ஒரு வி.எம்.சி. இயந்திரம் வாங்கினேன். விற்றவர்களின் ஆள் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். ஐ.டி.ஐ. டர்னர் படித்த ஓர் இளைஞர் அதைப் பற்றிக்கொண்டு, கையேட்டை வைத்துத் தாமே மேலும் கற்று, எட்டு மாதத்தில் நல்ல ஆபரேட்டர் ஆனார். பிறகு ஓசூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை; நல்ல சம்பளத்துக்குப் போனார். அவர் எழுதி வைத்துச் சென்ற மூன்று புரோகிராம்களை மட்டுமே அடுத்த இரண்டு ஆண்டுகள் ஓட்டினோம். மற்றவர்கள் பொருளைப் பூட்டி, கதவை மூடி, பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள். துருப்பிடிக்காத எஃகில் ஒரு புதிய வகைக்குப் பம்ப் நிறுவனம் ஒன்று மாதிரி கேட்டு வந்தபோது, எந்த இன்சர்ட் (மாற்றிப் பொருத்தும் வெட்டு முனை) போடுவது, என்ன வேகத்தில் வெட்டுவது என்று சொல்ல ஆள் இல்லாமல், முடியாது என்று திருப்பி அனுப்பினேன். இயந்திரத்தால் முடியும், எங்களால்தான் முடியவில்லை. அன்று இதை ஆள் பற்றாக்குறை என்றே நினைத்தேன். ஒருவருக்குத் தெரிந்திருந்ததை நிறுவனத்துக்குத் தெரிந்ததாக நான் எண்ணிக்கொண்டிருந்ததே தவறு என்பது, பயோமெட்ரி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. அந்த அறையில் இருந்த சிஸ்டர் நாளை திருமணமாகி வெளியூர் போனாலும், அதே முறையில், அதே கவனத்தோடு அளக்க இன்னொருவர் பக்கத்து அறையில் இருக்கிறார்.

பயிற்சி பெற்ற ஊழியர்களால் புதுமை எப்படி வருகிறது என்பதற்கு இந்த மருத்துவமனையிலிருந்து மேலும் இரண்டைச் சொல்ல வேண்டும். புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவது அரிது; வந்தால் பார்வையே போகக்கூடும். அறுவையின் முடிவில் மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் தொற்று குறையுமா என்ற கேள்விக்கு, மதுரை அரவிந்தில் நடந்த 1,16,714 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து செலுத்தியவர்களில் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மருந்தும் ஆரோலேப் தயாரிப்புதான். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவாக வரும் ஒன்றில் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு லட்சம் பேரின் பதிவும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதை எழுதியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கேள்வியை எழுப்பியவர்கள் உயர்கல்வி பெற்ற மருத்துவர்கள். பதில் சொல்லும் அளவுக்குத் தரவு சுத்தமாக இருந்தது, நாள்தோறும் பொறுமையாக எழுதிய சகோதரிகளால். என் பட்டறையில் கழிக்கப்பட்ட துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன; எது, எந்த இயந்திரத்தில், ஏன் கழிந்தது என்று எவரும் எழுதியதில்லை. எழுதாத இடத்தில் எதைக் கொண்டு திருத்துவது?

இரண்டாவது, கிராமப்புறப் பார்வை மையங்கள். ஊருக்குப் பக்கத்தில் சிறிய ஓர் இடம். அங்கே பயிற்சி பெற்ற ஒரு சகோதரி ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில் கண்ணைப் பார்த்து விவரம் எழுத, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொலி வழியே நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். தேனி வட்டாரத்தில் இதைத் தொடங்கியபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று தொலைதூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால் கருவிகள் பழுதானபோது ஒவ்வொரு முறையும் அமெரிக்காவிலிருந்து ஆள் வர முடியாது. உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக் கொடுத்த பிறகுதான் இணைப்பு நிலைத்தது என்பதை அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. இதே காரணத்தால்தான் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சையும் நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் மென்பொருள் பற்றி 2016-இல் வெளியான ஆய்வுக்குப் படங்கள் கொடுத்த மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. அதே வகை மென்பொருளைத் தாய்லாந்தின் 11 சிகிச்சை மையங்களில் பயன்படுத்திப் பார்த்தபோது, படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவு போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டதாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அறையின் வெளிச்சமும் செவிலியர்களின் வேலைப் பளுவும் அதற்குக் காரணங்கள். படம் எடுக்கிறவரின் கையும் அவர் நிற்கும் அறையும் சரியாக இல்லாதபோது, எவ்வளவு அறிவுள்ள மென்பொருளும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பெண்களின் பயிற்சிக்குக் கீழே இன்னோர் அடுக்கு இருப்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுப் பயிற்சியில் ஒருவர் இவ்வளவு கற்க முடிவதற்கு, அதற்கு முன் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். மதிய உணவும் இலவசப் பேருந்து அட்டையும் பக்கத்து ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியும் இல்லாதிருந்தால், இந்த மருத்துவமனை தேடிப் போனாலும் ஆள் கிடைத்திருக்காது. என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் ஊரில் அன்று அதற்கு மேல் வகுப்பு இல்லை. அளந்த சிஸ்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “எதுவரைக்கும் படிச்ச தாயி?” என்பதுதான்.

தொழில் நடத்துகிறவர்கள் இதை அப்படியே பார்த்து எழுதிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்குள்ள பயிற்சி ஆழமானது, ஆனால் குறுகியது. பார்வைப் பரிசோதனையில் தேர்ந்தவர் அறுவை அரங்குக்கு மாற வேண்டுமானால் மீண்டும் கற்க வேண்டும். ஒரே வகை அறுவை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் நடக்கும் இடத்துக்கு அது பொருத்தம். வாரத்துக்கு ஒரு புதிய வரைபடம் வரும் என்னைப் போன்ற சிறு பட்டறைக்கு, ஐ.டி.ஐ. போன்ற விரிந்த அடிப்படையும், வரைபடம் படிக்கும் பழக்கமும், ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தயக்கமின்மையும் கூடுதலாகத் தேவை. பத்து ஆண்டு அனுபவம் என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஓர் ஆண்டு அனுபவமே பத்து முறை திரும்ப வந்திருக்கும். மருத்துவமனை வழியை நான் குருட்டுத்தனமாகப் பின்பற்றினால் அதே இடத்தில்தான் போய் நிற்பேன்.

அதனால் சில மாற்றங்களை மட்டும் செய்திருக்கிறேன். எந்த இயந்திரத்தையும் ஒருவருக்கு மட்டும் தெரியும்படி விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. கழிந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறோம். முதல் மாதம் எழுதியதைப் பார்த்தபோது, கழிந்தவற்றில் பாதிக்கு மேல் வேலை மாற்றிப் பூட்டியதும் வரும் முதல் நான்கைந்து துண்டுகள் என்று தெரிந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்த எங்கள் உதவியாளர் ஒருவர்தான், பூட்டும் தாடையில் ஒரு நிறுத்து ஊசி வைத்தால் ஒவ்வொரு முறையும் அளந்து பூட்ட வேண்டியதில்லையே என்றார். வைத்தோம். நாற்பது நிமிடம் பிடித்த வேலை இப்போது கால் மணி நேரத்தில் முடிகிறது. அவர் இந்தப் பட்டறையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். இதற்கு முன் நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

சேவையைப் பற்றி அறிய வந்தவர்களுக்குச் சில சொற்கள். கட்டணப் பிரிவு, சலுகைப் பிரிவு, இலவசப் பிரிவு என்று மூன்றும் உண்டு. பழைய கண்ணாடி, முந்தைய சீட்டுகள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆலோசனைச் சகோதரி லென்ஸ் வகைகளை விளக்கும்போது அவசரப்படாமல் கேளுங்கள். எங்களுக்கு விளக்கியவர், விலை கூடியதை வாங்கும்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா பூக் கட்டுவாரா, டி.வி. பார்ப்பாரா, தனியாக வெளியே போவாரா என்று கேட்டுவிட்டுப் பேசினார். வீடு திரும்பும் முன் சொட்டு மருந்தின் அட்டவணையைச் சொல்லிக் கொடுத்து, அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்தார். இரண்டாவது முறை அம்மா சரியாகச் சொன்ன பிறகே சீட்டைக் கையில் கொடுத்தார்.

இடது கண்ணுக்கு வைகாசியில் நாள் குறித்திருக்கிறோம். அன்று என்னோடு பட்டறையின் மூத்த ஆபரேட்டரும் வருகிறார். அவருக்கு வயது நாற்பத்தாறு. நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் அளவுகோலின் கோடுகள் சில மாதங்களாக மங்கலாகத் தெரிகின்றன என்கிறார். அவருக்கும் கண்ணைப் பார்த்துவிடலாம். அவருக்கு அளவு பார்க்கப்போகும் சிஸ்டரின் கையைக் கவனித்துவிட்டு வரும்படியும் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு அவருடையது.